அயல்நாட்டு ரசம்

ரசம் வைப்பது தமிழருக்கே உரிய கலை என்று நாம் பெருமை கொள்கிறோம். தாய்லாந்து மக்களுக்கும் ஒரு ரசம் உண்டு. அதன் பெயர் ‘தோம் யாம்’. ‘தோம்’ என்றால் கொதிக்க வைத்தல். ‘யாம்’ என்றால் கலத்தல். இறாலிட்டுச் செய்யும் தோம் யாமை 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

தவக்கால வெள்ளி ஒன்றில் நானும் அம்மாவும் அதை வீட்டில் செய்தோம். சேலத்திற்குக் கடல் தொலைவு. ஆகவே இறாலுக்குப் பதில் காளான் சேர்த்தோம். முக்கியப் பொருளான பேரரத்தை, நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைத்தது! அதை இடித்து, எலுமிச்சைப் புல், நாரத்தை இலை, பச்சை மிளகாய், உப்புடன் நீரில் கொதிக்கவிட்டோம். காளான் வெந்ததும் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தோம். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசந்துவிடும். நம் எலுமிச்சை ரசத்திற்கும் இதே விதிதான்.

காய்ச்சலுக்குப் பின் வாய்க்கசப்பால் ஒரு வாரமாகச் சோற்றைத் தொடாதிருந்த பாட்டி, மணத்தை முகர்ந்து, “ஏங்கண்ணு, நம்ம அரத்தைக் கசாயமாட்டவே இருக்குது!” என்றார். ஒரு டம்ளர் பருகியதும், “ஒரு கை சோறு போடு” என்றார். அம்மாவின் கண்கள் நிறைந்தன.

மிளகாய் நமக்கும் சொந்தமன்று, தாய்லாந்துக்கும் சொந்தமன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் தந்தது, இன்றும் கொல்லிமலையில் விளையும் மிளகே. வந்த விருந்தாளியை வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டது நம் அடுப்பங்கரை. மனிதரிடத்தும் நாம் அவ்வாறே நடந்தால், இறைவன் மகிழ்வாரன்றோ!