கோவெண்டர் என்றொரு குடும்பப் பெயர்

வானொலியில் வேலை செய்பவர்களுக்குப் பெயர்கள்தான் அரிசி பருப்பு. பிறந்தநாள் வாழ்த்து, விருப்பப் பாடல், போட்டியில் வென்றவர் என்று ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பெயர்களாவது என் வாயில் புழங்கும். பெயரைக் கேட்டதும் ஆளுக்கு என்ன வயது இருக்கும் என்று ஊகிக்கிற அளவுக்குக் காது பழகிவிட்டது. அந்தக் காதுக்கும் பிடிபடாத ஒரு பெயர் சில மாதங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் வந்தது: கோவெண்டர்.

அனுப்பியவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பெண். வேலை காரணமாகக் கோலாலம்பூரில் தங்கியிருக்கிறார். தமிழ் பேச வராது. பாட்டி கேட்ட பழைய பாட்டுகளுக்காகவே நம் நிகழ்ச்சியைக் கேட்கிறாராம். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கேள்வியும் வைத்திருந்தார். "என் குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர் என்று பாட்டி சொல்வார். அதற்கு என்ன பொருள்?"

கோவிந்தன்தான் இப்படித் திரிந்துவிட்டது என்று நிலையத்தில் ஒரு நண்பர் பந்தயமே கட்டினார். கேட்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தப் பெயரின் வேர் வேறு. அது கவுண்டர்.

1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை இறக்கிய முதல் கப்பல் அதுதான். 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், மாவட்டம் எல்லாவற்றையும் எழுத்தர்கள் பட்டியலில் எழுதினார்கள். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியதால் ஒரே பெயர் பல விதமாகப் பதிவானது.

வெள்ளைக்காரர் சட்டத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். நம்மவர்களிடம் அப்படி ஒன்று இல்லை. அதனால் சிலருக்குப் பட்டப் பெயர் குடும்பப் பெயராக நின்றது. முதலியார் 'மூட்லி' ஆனார், படையாட்சி 'படையாச்சி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். வேறு சிலருக்கு முப்பாட்டனாரின் பெயரே பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியில் ஆடுகிற செனுரான் முத்துசாமியைக் கவனித்திருப்பீர்கள். நம் ஊர் வழக்கப்படி முத்துசாமியை அவருடைய அப்பா என்று நினைத்துவிடுவோம். அங்கே அது குடும்பப் பெயர்.

சரி, கவுண்டர் என்றால் என்ன? ஊர்த் தலைவர் என்பதே அடிப்படைப் பொருள். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் 'காமிண்டன்' என்று வருகிறது. கன்னடத்தில் 'காவுண்ட' என்றும் பிறகு 'கௌட' என்றும் வழங்குகிற சொல்லுக்கு இது உறவு. இன்று கவுண்டர் என்றதும் கோயம்புத்தூர், ஈரோடு பக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் வட மாவட்டங்களில் வன்னியரிலும், ஜவ்வாது மலை மலையாளி மக்களிலும் இதே பட்டம் உண்டு. நேட்டாலுக்குப் போனவர்களில் பலர் வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கத்தவர்கள். ஆகவே கோவெண்டர் என்ற பெயரை மட்டும் வைத்து இன்ன ஊர், இன்ன சாதி என்று சொல்லிவிட முடியாது. அதே பட்டம் ஃபிஜித் தீவுக்குப் போனவர்களிடம் 'கவுண்டர்' என்றே நின்றுவிட்டது. எந்தக் கப்பல், எந்த எழுத்தர் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

இங்கே நாம் அபூர்வமாகக் கேட்கிற இந்தப் பெயர் டர்பனில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. கேட்டோ மேனர் வாழ்க்கையைக் கதைகளாகவும் நாடகங்களாகவும் எழுதிய ரானி கோவெண்டர் இருந்தார். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு நாடாளுமன்றத்துக்குப் போன பிரெக்ஸ் கோவெண்டர் இருக்கிறார்.

அங்கே குடும்பப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பலதார மணத்தை அனுமதிக்கிற சமயங்களின் திருமணங்கள் செல்லாது என்பது அதன் சாரம். தாலி கட்டிய மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை, பிள்ளைகள் வாரிசு இல்லை என்ற நிலை. அந்த ஆண்டுப் போராட்டத்தில் பெண்கள் இறங்கியதற்கு இது முக்கியக் காரணம். சிறை சென்று திரும்பி, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையை நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதே ஆண்டு வந்த நிவாரணச் சட்டம் நம் திருமணங்களை ஏற்றுக்கொண்டது.

இந்த விவரங்களைச் சேர்த்து அவருக்குப் பதில் அனுப்பினேன். உடனே நன்றி சொன்னார். அதோடு தன் முப்பாட்டனாரின் கப்பல் எண்ணையும் அனுப்பினார். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக ஊர் பெயர் இருக்கிறதாம். "உங்கள் குடும்பம் எந்தக் கப்பலில் வந்தது?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என் அடையாள அட்டையில் என் பெயர், 'அனாக் பெரெம்புவான்', பிறகு அப்பா பெயர். அவ்வளவுதான். என் மகளுக்கு இரண்டு வயது. அவள் பிறப்புப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர் இருக்கிறது. என் அப்பா பெயர் என்னோடு நின்றுவிட்டது. தாத்தா பெயர் என் அப்பாவோடு நின்றுவிட்டது. சிங்கப்பூரில் இருக்கிற என் சித்தி பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

குடும்பப் பெயர் இல்லாதது குறையா என்று யோசித்தேன். அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. அந்த ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கே வந்தார். தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் அப்பா, "பேருக்குப் பின்னால வால் எதுக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. கோவெண்டருக்கு முப்பாட்டன் வரை வழி தெரிகிறது. ஆனால் அந்த வழி சாதிப் பட்டத்தின் மேல் போட்டது. அங்கே சாதி பெரிதும் தளர்ந்துவிட்டதால் அது இப்போது வெறும் பெயர். இங்கே ஒரு பட்டத்தை மறுபடி ஒட்டினால் அது வெறும் பெயராக இருக்குமா? கல்யாணப் பேச்சு நடக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவிடம்தான் போய் நின்றேன். "தாத்தாவோட அப்பா பேரு என்னம்மா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் கல்யாணமாகி வந்தப்போ அவர் இல்லியே" என்றார். பிறகு அலமாரியிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே அப்பாவின் பிறப்புப் பத்திரம், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், மடித்து மடித்துக் கிழிந்த இன்னும் சில காகிதங்கள். அப்பாவின் பத்திரத்தில் தாத்தா பெயர். தாத்தாவின் சான்றிதழில் 'அனாக் லெலாக்கி' என்பதற்குப் பிறகு, நாங்கள் யாரும் உச்சரித்தே இராத ஒரு பெயர்.

அப்போதுதான் நம் முறை எனக்குப் புரிந்தது. நம்முடைய ஒவ்வொரு காகிதத்திலும் இரண்டு தலைமுறை இருக்கிறது. ஒன்றின் பின்னால் ஒன்றாக அடுக்கினால் சங்கிலி கிடைத்துவிடும், சாதியைக் கேட்காமலே. ஆனால் ஒரு காகிதம் தொலைந்தால் ஒரு கண்ணி அறுந்துவிடும். பெரியவர்கள் காலமானதும் வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று அந்த டின்னைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின்னோ பழைய சூட்கேஸோ இருக்கும். தயவுசெய்து திறந்து பாருங்கள், கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

மகளில் தொடங்கி ஐந்து பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். ஆறாவது பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஈப்போவில் பெரிய அத்தை இருக்கிறார், வயது தொண்ணூறைத் தொட்டுவிட்டது. நினைவு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். தீபாவளி வரை காத்திருக்காமல் இந்தச் சனிக்கிழமையே கிளம்புகிறோம்.