பத்து மணி வண்டி

ஈரோட்டில் மாலை ஐந்து மணிக்கு மேல் மூலப்பட்டறைப் பக்கம் போனால் சாலையில் பாதி லாரிகளுக்குத்தான். பார்க் ரோடு, குப்பைக்காடு என்று எந்தத் தெருவில் திரும்பினாலும் பார்சல் ஆபீஸ். வாசலில் பின்கதவைத் திறந்துபோட்டு ஒரு லாரி நிற்கும். அதைச் சுற்றிச் சரக்கோடு குட்டியானைகள் முண்டியடிக்கும். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், லுங்கி, துண்டு, மஞ்சள், எண்ணெய் டின், மோட்டார் பாகம் என்று நாலு பேலாக, ரெண்டு மூட்டையாக, ஒற்றை அட்டைப்பெட்டியாக வந்து குவியும். இவற்றில் எதுவும் தனியாக ஒரு லாரியை நிரப்பாது. பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றி, இரவோடு இரவாக ஊர் சேர்ப்பதுதான் பார்சல் சர்வீஸ். கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் இன்னும் நெருக்கும்.

லாரி ஓட்டுநர் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர் வேறு ஆள். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ கிளம்பி, மகாராஷ்டிரம், குஜராத், அசாம் என்று வாரக்கணக்கில் சுற்றிவிட்டு வீடு திரும்பும் லைன் வண்டிக்காரர். அவருடைய பாடுகளைப் பற்றிக் கொஞ்சமாவது பேசியிருக்கிறோம். ராத்திரி பத்து மணிக்கு ஈரோட்டில் கிளம்பி விடியும்போது சென்னையில் நிற்கிற பார்சல் வண்டிக்காரரைப் பற்றி அவ்வளவுகூடப் பேசியதில்லை. தினமும் வீட்டுக்குப் போகிறவர்தானே, அவருக்கென்ன என்ற எண்ணமாக இருக்கலாம். அவர்களோடு சில இரவுகளைக் கழித்த பிறகு அந்த எண்ணம் எனக்கு இல்லை.

நான் வண்டியேறியது கவுந்தப்பாடிக்காரர் ஒருவரோடு. ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருடம் லைன் ஓட்டிவிட்டு, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பார்சலுக்கு வந்தவர். வண்டி கிளம்புவது பத்து மணிக்கு. ஆனால் அவர் ஆறு மணிக்கே குடோனுக்கு வந்து கதவோரம் நின்றுவிடுகிறார். கையில் லோடிங் சீட்டு. உள்ளே போகிற ஒவ்வொரு உருப்படியின் மீதும் மையால் எழுதியிருக்கும் எல்.ஆர். (லாரி ரசீது) எண்ணைப் பார்த்து டிக் அடிக்கிறார்.

“ஏத்தறதுல பாதி இருக்குதுங்க தொழில்” என்றார். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. கனமான மோட்டார் பெட்டிகள் கீழே, அச்சுக்கு நேராக. எண்ணெய் டின்னை ஒருபோதும் துணி பேலுக்கு மேலே வைக்கக் கூடாது. மஞ்சள் மூட்டைக்கும் வெள்ளை வேட்டிக்கும் நடுவே ஒரு வரிசை அட்டைப்பெட்டி வேண்டும்; மஞ்சள் தூசி ஒட்டினால் அந்தச் சரக்கை வாங்கவே மாட்டார்கள். பல ஊர்களில் நின்று போகிற வண்டி என்றால் கணக்கு இன்னும் நுட்பமானது. பக்கத்தில் கரூர், திண்டுக்கல், மதுரை வண்டி நின்றிருந்தது. மதுரைச் சரக்கு முதலில் ஏறி கேபின் பக்கம் போகும். கரூர்ச் சரக்கு கடைசியில் ஏறிக் கதவோரம் நிற்கும். கடைசி நேரத்தில் ஒரு வியாபாரி மதுரைக்கு ஆறு பேல் கொண்டுவந்தால், கரூர்ச் சரக்கை இறக்கி, திண்டுக்கல்லைத் தள்ளி, இடம் உண்டாக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் கதவோரமே திணித்துவிட்டால், நடுராத்திரி கரூரில் அந்த ஆறு பேலையும் இறக்கி மறுபடி ஏற்றுகிறவர்களில் ஓட்டுநரும் ஒருவராக இருப்பார்.

லோடு ஏற்றும் தொழிலாளர்களின் கை வேகத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். கொக்கியை பேலின் சணலில் மாட்டி, ஒரே வீச்சில் முதுகுக்குக் கொண்டுபோய், பலகை மேல் ஓட்டமாக ஏறுகிறார்கள். ஈரோட்டில் இவர்களுக்கு வலுவான சங்கங்கள் உண்டு. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். லாரி சர்வீஸ்காரர்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசி முடிவானது. அதே குடோனில் அதே நேரம் நிற்கிற ஓட்டுநரின் நான்கு மணி நேரத்துக்கு விலை எதுவும் பேசப்படவில்லை. அவருக்கு மாதச் சம்பளம் கொஞ்சம், ஒவ்வொரு டிரிப்புக்கும் படி. படி என்பது வண்டி நகர்ந்த பிறகுதான்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணிக்குள் அடங்க வேண்டும் என்றது. வண்டி ஓடாத நேரத்தில் சரக்கு தொடர்பாகச் செய்யும் வேலையும் வேலைதான் என்று தெளிவாகவே சொன்னது. ஆனால் முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே வேலை நேரத்தில் சேரும் என்றும் எழுதிவைத்தது. அதற்கு மேல் காத்திருந்தால் அது கணக்கில் இல்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு இந்தச் சட்டத்தை உள்வாங்கிக்கொண்டது. கவுந்தப்பாடிக்காரர் லோடிங் சீட்டோடு நிற்பது சட்டப்படி வேலை. அதை எழுதிவைப்பவர்கள் இல்லை. லைன் வண்டிக்காரர் லோடுக்காக நாள்கணக்கில் நிற்பதைச் சட்டமே வேலையாகப் பார்க்கவில்லை.

அப்படி ஒரு லைன் வண்டிக்காரரைச் சங்ககிரியில் ஒரு பட்டறையில் பார்த்தேன். எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலைக்காக வண்டியை விட்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசியை மகாராஷ்டிரத்துக்கு ஏற்றிப் போவார். திரும்பும்போது நாசிக் வெங்காயமோ, களம்போலியிலிருந்து இரும்போ, எது கிடைக்கிறதோ அது. வண்டியில் இருப்பது முழுக்க ஒரே ஆளுடைய சரக்கு. ஏற்றுவது ஒரே இடம், இறக்குவது ஒரே இடம். சீட்டு, டிக், எண் எதுவும் கிடையாது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

“போறதுக்கு நாலு நாளுங்க. இறக்க ரெண்டு நாள் ஆயிருமுங்க. அப்பறம் ரிட்டன் லோடுக்கு நிக்கறது இருக்குது பாருங்க, அது அஞ்சு நாளும் ஆகும், எட்டு நாளும் ஆகும்” என்றார். பிவண்டியில் குடோன் வரிசைக்கு வெளியே, குளிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்கிக்கொண்டு நின்ற நாட்களைச் சொன்னார். அவருடைய படி வாடகையில் ஒரு பங்கு. வாடகை இல்லாத நாளில் படியும் இல்லை. இறக்கத் தாமதமானால் ஹால்ட்டிங் காசு கேட்கலாம். கேட்டால் அடுத்த லோடைப் புரோக்கர் வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே யாரும் கேட்பதில்லை. இதற்கு நடுவே சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லின் ஆயுளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021இலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. வழியில் வண்டி நின்றுபோனால் பில்லை நீட்டிக்கச் சொல்லி ஊருக்குப் போன் அடிக்க வேண்டும்.

ஆனாலும் அவரிடம் ஒரு நிம்மதி இருந்தது. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். அரிசி, பருப்பு, மிளகாய்ப்பொடி, சின்ன அடுப்பு, தேய்ந்த குக்கர். எந்த மாநிலத்தில் நின்றாலும் நம்மூர்ச் சோறு. “தூக்கம் வந்தா ஓரங்கட்டிருவனுங்க. ஒரு மணி நேரம் முன்னப் பின்ன ஆனா யாரும் கேக்க மாட்டாங்க. பார்சல் வண்டிக்காரங்க பாவம், அவங்களால நிறுத்த முடியாது.” இவ்வளவும் சொல்லிவிட்டு, தன் பையனுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் பார்சலில் ஏதாவது வேலை இருக்குமா என்று ஈரோட்டில் விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு முழுதாகப் புரிந்தது பத்து மணி வண்டியில் உட்கார்ந்தபோதுதான். அன்றைக்கு வண்டி கிளம்பப் பதினொன்று ஆகிவிட்டது. ஒரே ஒரு வியாபாரியின் இ-வே பில் வரவில்லை. லைன் வண்டியில் பில் தவறாக இருந்தால் ஒருவருடைய சரக்கு நிற்கும். பார்சல் வண்டியில் ஒரு பில் தவறினாலும் அதிகாரிகள் வண்டியையே நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. மற்ற அத்தனை பேரின் துணியும் பெட்டியும் அதோடு நிற்கும். அதனால் அந்தப் பில்லுக்காகக் காத்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தைச் சாலையில்தான் மீட்க வேண்டும், ஏனென்றால் சென்னையில் காலை நெரிசல் நேரத்துக்குள் மாட்டிக்கொண்டால் கனரக வண்டிக்கு வழி கிடைக்காது.

சங்ககிரி, வைகுந்தம் டோல்கேட், சேலம், வாழப்பாடி. ஆத்தூரைத் தாண்டி ஒரு டீ. இறங்கியதும் கவுந்தப்பாடிக்காரர் முதலில் செய்தது ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டி ஓசை கேட்டது. சேலம், உளுந்தூர்பேட்டைச் சாலையில் ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகள் நெடுங்காலம் இருவழியாகவே இருந்தன. நான்கு வழியில் வந்த வேகத்தோடு சட்டென்று எதிர்வண்டி விளக்குக்கு முன்னால் போய் நிற்கிற அந்த இடங்களில் தனக்குத் தெரிந்தவர்கள் யார் யார் செத்துப்போனார்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் பேச்சுத்துணைக்குக் கிளீனர் இருப்பார். இப்போது இந்த வண்டிகளில் அந்த இருக்கை காலி. கிளீனராக வந்து ஓட்டப் பழகுகிற பையன்களும் இல்லை.

விபத்து பற்றிய பேச்சில் 2024 ஜனவரி வேலைநிறுத்தம் வந்தது. விபத்துக்குப் பின் தகவல் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து வடக்கே பல மாநிலங்களில் லாரிகள் நின்றன. அந்த ஆண்டு ஜூலை 1இல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, அந்த 106(2) பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். “நிக்கணும்னுதானுங்க எல்லாருக்கும் ஆசை. நின்னா உசுரோட விடுவாங்களா” என்றார். அதில் நியாயம் இருக்கிறது. அடிபட்டுச் சாலையில் கிடப்பவருடைய நியாயமும் இருக்கிறது. இரண்டையும் தீர்க்கிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்வது அரசாங்கத்தின் பொறுப்பு. சிறைக் காலத்தைக் கூட்டுவது மட்டும் போதாது.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியபோது மணி நாலு. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. என்னைப் பேசச் சொன்னார். எதையாவது பேசிக்கொண்டே வாங்க என்றார். ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு முகத்தைக் காற்றுக்குக் காட்டினார். கண் இமைக்கும் நேரம் நீளுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஓரங்கட்டி அரை மணி தூங்கலாமே என்று கேட்டேன். ஜி.பி.எஸ். பெட்டியைக் காட்டினார். கால் மணி நின்றால் ஆபீஸிலிருந்து போன் வரும். சட்டம் கட்டாயமாகத் தரச் சொல்லும் அரை மணி ஓய்வை எடுக்க, ஓட்டுநர் சாக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்த அந்தக் கருவிக்கு, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று கணக்குப் போடவும் தெரியும். மாலை ஆறு மணிக்கு அவர் குடோனுக்குள் வந்ததிலிருந்து எண்ண ஆரம்பித்தால் போதும். அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் கோபம்.

பெருங்களத்தூரில் புறவழிச்சாலையைப் பிடித்து, புழல் வழியாக மாதவரம் குடோன் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. இறக்கும் ஆட்கள் வந்தது எட்டு மணிக்கு. மறுபடி அதே சீட்டு, அதே டிக். ஒரு அட்டைப்பெட்டி குறைந்தது. தேடி, இரண்டு பேலுக்கு நடுவே நசுங்கிக் கிடந்ததைக் கண்டுபிடிக்கும்வரை அவர் டீ குடிக்கவில்லை. கிடைக்காமல் போனால் தன் படியில் பிடிப்பார்கள் என்றார். எல்லாம் முடியப் பதினொரு மணி. முதல் நாள் மாலை ஆறிலிருந்து எண்ணினால் 17 மணி நேரம்.

அதற்குப் பிறகு தூக்கம். காலியான வண்டிக்குள், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தகரம் சுடச்சுட. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. நல்ல விதி. இவர் ஓட்டுவது அதற்கு முந்தைய வண்டி. இன்னும் பல வருடம் ஓடும். குடோன் மாடியில் காலியாகக் கிடந்த அறையைப் பார்த்தேன். இரண்டு மின்விசிறி, நான்கு பாய், ஒரு குளியலறை இருந்தால் போதும். மாலை மறுபடி ஈரோட்டுச் சரக்கு ஏற ஆரம்பிக்கும் முன் ஐந்து மணி நேரமாவது நல்ல தூக்கம் கிடைக்கும். அந்தச் சாலையில் எதிரே வருகிற அத்தனை பேருக்கும் அது பாதுகாப்பு.

அவர் எழுந்த பிறகு, சங்ககிரிக்காரர் கேட்டதைச் சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

“வரச் சொல்லுங்க தம்பி. எங்க சர்வீஸ்லயே ஆள் தேவைதான். ஆனா ரெண்டு விசயம் சொல்லீருங்க. பகல்ல தூங்கப் பழகோணும், எனக்கு அதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு. இன்னொண்ணு, பையன் பள்ளிக்கோடத்துல இருந்து வர்ற நேரத்துல நாம குடோனுக்குக் கெளம்பிருவோம். ஞாயித்துக்கெழமதான் பார்க்கலாம். அது பரவால்லைனா வரச் சொல்லுங்க.”