ஆமா போடக் கற்றுத் தந்த புலவருக்கு

அன்புள்ள புலவர் தங்கச்சிக்கு,

நேரில் நன்றி சொல்ல வாயெடுத்தால், "அதுக்கென்ன அண்ணாச்சி" என்று தட்டிவிட்டு, அடுத்த கோயில் கொடை விழாவுக்கு அச்சாரம் பேச வந்தவர் பக்கம் திரும்பிவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. தாமிரபரணிக்குத் தெற்கே கொடை பார்க்கிறவர்களுக்கு நீங்கள் வில்லடிக்க வீசுகோல் எடுக்கும் தோரணையே போதும், ஆளைக் கண்டுகொள்வார்கள்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊராட்சி, பேரூராட்சி என்று போய்ச் செலவுச்சீட்டுகளைப் புரட்டி, இதற்கு ரசீது எங்கே, இந்தத் தெருவிளக்கு எந்தத் தெருவில் நிற்கிறது என்று கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்கியவன். தடை எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. அவர்கள் பதில் எழுதுவார்கள், அந்தப் பதிலுக்கும் தடை எழுதுவோம். அப்பேர்ப்பட்டவன் இப்போது ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுக்காரன். புலவர் கதையைச் சொல்லச் சொல்ல "ஆமா" போடவேண்டும், அடியை வாங்கித் திருப்பிப் பாடவேண்டும், நடுவே ஊர்க்காரன் போல ஏதாவது கேட்டுவைக்கவேண்டும். இந்த உத்தியோகத்தை வீட்டில் அறிவித்தபோது என் மனைவி, "எங்கிட்ட ஒரு நாளாவது போட்டிருக்கீயளா அந்த ஆமாவ?" என்றாள். அந்தத் தடைக்கு இன்னும் பதில் தயாரிக்கவில்லை.

உங்கள் வாசலில் வந்து நின்ற அன்று, பாட வருமா, தாளம் நிற்குமா என்றெல்லாம் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டு வந்தேன். நீங்கள் கேட்டது கூலி. "பென்ஷன் வருது, சும்மாவே வாரேன்" என்றேன் பெருமையாக. உங்கள் முகம் மாறிப்போயிற்று. "சும்மா வாரவுகள வைய முடியாதுல்லா அண்ணாச்சி" என்றீர்கள். பிறகு குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னீர்கள். முன்பு பின்பாட்டு இடத்தில் இருந்த பையன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறான், நாளைக்கே திரும்பி வந்தாலும் வருவான்; ஓசியில் பாடுகிற ஆள் ஒருவர் அங்கே உட்கார்ந்துவிட்டால், அப்புறம் அவனுக்குக் கூலி கேட்க எனக்கு எப்படி வாய் வரும் என்று.

தங்கச்சி, பணி நிறைவு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், இனி உங்கள் விருப்பம்போல் இருங்கள் என்று வாழ்த்தினார்கள். என் விருப்பம் அடுத்தவன் சோற்றில் கைவைக்கக்கூடும் என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். ஓய்வூதியக்காரர்கள் ஆசைக்கு ஒரு தொழிலைத் தொடும்போது இதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஓவியம், பொம்மை, பாட்டு எதுவானாலும் "காசு முக்கியமில்லை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறோம். அதில் உலை வைக்கிறவர்களுக்குக் காசு முக்கியம். எல்லாருக்கும் உள்ள பங்கையே எனக்கும் வைத்தீர்கள். அதற்குரிய வசவையும் குறைவில்லாமல் கொடுத்தீர்கள்.

ஆமா போடுவது இத்தனை பெரிய வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சிறுவயதில் சுடலை கோயில் கொடையில், மணலில் படுத்தபடி கேட்டபோது பின்பாட்டுக்காரரை நான் கவனித்ததே கிடையாது. புலவர் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் ஆமா விழ வேண்டும், தாளக் குடத்தின் அடி அடங்குவதற்கு முன் விழ வேண்டும், வாக்கியம் முடிந்தபின் வருகிற ஆமா மார்ச் 31 தாண்டி வந்த பில் மாதிரி யாருக்கும் ஆகாது. நள்ளிரவு கழிந்து சனம் சாயத் தொடங்கும்போது அதே சொல்லைக் கேள்வியாக இழுக்க வேண்டும், அப்போதுதான் முன்வரிசையில் ஒரு கிழவியாவது நிமிர்வாள். சாவு வருகிற கட்டத்தில் தொண்டைக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இத்தனையையும் நீங்கள் பாடம் நடத்திச் சொல்லவில்லை. பாடிக்கொண்டே ஓரக்கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

சாமக்கொடை நேரத்தில் நீங்கள் இடக்கை வீசுகோலைத் தாழ்த்துவீர்களே, அதை முதலில் பார்த்தபோது எனக்கு விளங்கவில்லை. கூட்டத்தில் ஒரு அம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு எழுந்திருந்தாள், பெண்கள் குலவை போட்டார்கள், மேளம் ஏறியது. நல்ல கட்டத்தில் இருந்த கதையை அங்கேயே விட்டுவிட்டு வெறும் தாளத்தில் காத்திருந்தீர்கள். அந்த அம்மாளின் அருள் அடங்கிய பிறகு, நின்ற சொல்லில் இருந்தே எடுத்தீர்கள். மேடைக் கச்சேரியாக மட்டும் வில்லைப் பார்த்தவர்களுக்கு இது பிடிபடாது. காப்பு விருத்தத்தில் தொடங்கி வாழி பாடி முடிக்கிற கதை, கோயில் பூசையோடு சேர்ந்தே நடக்க வேண்டியிருக்கிறது.

மேடை வில்லை நான் குறைத்துப் பேசவில்லை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சென்னைக்குக் கொண்டுபோனதும், அவரிடம் எழுதத் தொடங்கிய நம் நெல்லைச் சீமை சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ வரை போனதும் நமக்குப் பெருமைதான்.

என் பழைய புத்தி உங்களுக்கு உதவிய கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். முத்துப்பட்டன் கதை நடந்துகொண்டிருந்தது. பட்டனின் கல்யாண இரவு, மாமனார் வாலப்பகடையின் மாடுகளைக் கள்ளர் ஓட்டிப்போகிறார்கள் என்று சேதி வருகிறது. "மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போறான்" என்றீர்கள். ஆமா போட வேண்டிய நான், என்னை அறியாமலே "எத்தன மாடு?" என்று கேட்டுவிட்டேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீங்கள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "கணக்குப் பிள்ள வந்திருக்காரு, பட்டியில எண்ணிட்டு வரச் சொல்லுங்க, அதுக்குள்ள நான் கதைய முடிச்சிருதேன்" என்று பாட்டிலேயே ஏற்றிவிட்டீர்கள். இப்போதெல்லாம் ஊர்க்காரர்களே அந்த இடம் வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அந்த முத்துப்பட்டனைப் பற்றி உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டானே, அந்தப் பிராமணன். நா. வானமாமலை பதிப்பித்த புத்தகத்தில் அதைப் படித்துவிட்டு, நானும் ஏதோ ஒரு சிறிய முத்துப்பட்டன்தான், நாற்காலியை விட்டுவிட்டு வில்லுக்கு வந்தவன் என்று கொஞ்சநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்று தெய்வமாகிவிட்ட அவனுக்கு நேர்ந்துவிட்ட செருப்புகள் தொங்குவதைப் பார்த்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. அவன் திரும்பிப் போக இடமில்லாமல் வந்தவன், உயிரையும் விட்டவன். எனக்கு மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழுந்துவிடுகிறது. மழையில் ஒரு கொடை நின்றுபோனால் எனக்கு அது ஒரு ஓய்வு நாள், உங்களுக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம். இது தெரிந்தும் ஒரு நாளும் சொல்லிக்காட்டாமல் வேனில் எனக்கு ஜன்னலோர இருக்கையை ஒதுக்கி வைக்கிறீர்களே, அதற்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

திருப்பூர்ப் பையன் ஆடிக்கு வருகிறான் என்று குடக்காரர் சொன்னார். வந்தால் அவன் இடம் அவனுக்கு. எனக்கு ஜால்ராவைத் தந்தாலும் சரி, அதையும் முறையாக வைது கற்றுத்தர வேண்டும்.

ஒரே ஒரு குறை மட்டும் நிவர்த்தி ஆகாமல் நிலுவையில் இருக்கிறது. மைக் செட்காரத் தம்பி என் மைக்கை எப்போதும் இறக்கியே வைக்கிறார். நான் சொன்னால் "சரி சார்" என்று சிரிக்கிறார், ஏற்றுவதில்லை. வெள்ளிக்கிழமைக் கொடைக்கு முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பின்பாட்டு அண்ணாச்சி