எறும்பு வந்த பக்கம்

'செரண்டிபிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லை நான் முதன்முதலாக அச்சில் பயன்படுத்தியது என் அக்காவைப் பற்றி எழுதியபோதுதான். அது 2013. ஒரு மாத இதழில் சொற்களைப் பற்றிப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு சொல், அதற்கு ஒரு கதை, இரண்டு பக்கம். அந்த மாதச் சொல்லுக்கு நான் கொடுத்த பொருள், 'எதிர்பாராமல் அடிக்கும் அதிர்ஷ்டம்'. கதைக்கு வெளியே எங்கும் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்தது.

முந்தைய வருஷம் அக்கா கோவில்பட்டியிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தாள். கொல்லையில் துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு சாக்கடை ஓடும். இரவில் அப்பா எழுந்து போனால் அங்கேதான் போவார். காலையில் அந்த ஓரத்தில் எறும்பு மொய்த்திருப்பதை அக்கா பார்த்தாள். நாலாம் நாள், "அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கும்போலத் தெரியுது, ரத்தம் குடுத்துப் பாக்கணும்" என்றாள். பார்த்தோம். சாப்பிட்ட பின் 340. அப்பாவுக்கு அப்போது 61 வயது. தலைவலி என்றுகூட மருத்துவரிடம் போகாத மனிதர்.

நான் அதை எழுதினேன். துணி துவைக்கப் போனவள் கண்ணில் தற்செயலாக எறும்பு பட்டது, அப்பா தப்பினார், இதற்குப் பெயர்தான் செரண்டிபிட்டி என்று முடித்தேன். வாசகர் கடிதங்கள் வந்தன. இதழை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கே போய் அக்கா கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மடித்து டிவிக்கு அடியில் வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்க தம்பி. எறும்பு என் கண்ணுல பட்டுச்சுன்னு எழுதிட்ட" என்றாள்.

கூச்சத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தில் இருந்த வருத்தம் எனக்குப் புரிய ஏழு வருஷம் ஆனது.

அதன் பிறகு குடும்பத்தில் அக்காவுக்கு 'அதிர்ஷ்டக்காரி' என்று பெயராகிவிட்டது. பெயர் வைத்தவன் நான். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அந்தக் கதையைக் கேட்பார்கள், நான் சொல்வேன். அவளை யாரும் கேட்டதில்லை.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டார். 2019 மே மாதம் அக்கா பத்து நாள் வந்திருந்தாள். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வெயில் ஏறிவிட்டிருந்தது. அப்பா கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். அது தெரியாமலே படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அக்கா தெருவில் இறங்கிப் போனாள். முனையில் கிடந்த செருப்பை எடுத்து வந்து, அவர் காலடியில் வைத்துவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"அப்பாவுக்குச் செருப்பு கழன்டு விழுந்ததே தெரியல தம்பி. தார் ரோடு கொதிக்கு, அந்தச் சூடும் தெரியல. காலை ஒரு டாக்டர்ட்ட காட்டிரு."

நான் ஏதோ மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நான் சொன்ன பதில் ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "அக்கா, ஒரு தடவை அந்த எறும்பு உனக்குக் கை கொடுத்துச்சு. ஒவ்வொரு தடவையும் அப்படி அமையாது. வயசானா செருப்பு கழலத்தான் செய்யும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவைக் கடைக்குக் கூட்டிப் போய், பின்னால் வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏழு வாரம் கழித்து அந்தப் புதுச் செருப்புக்குள் ஒரு சிறு ஜல்லிக் கல் புகுந்திருக்கிறது. அப்பா அதோடே நாள் முழுக்க நடந்திருக்கிறார். வலிக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. என் மனைவிக்கு வாடை தெரிந்தபோது வலது காலின் இரண்டாவது விரல் கறுத்திருந்தது.

மருத்துவமனையில் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து வளையும்வரை அழுத்தினார்கள். அது 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் இழையாம். தொடுவது தெரியும்போது 'ம்' சொல்ல வேண்டும். ஏழெட்டு இடத்தில் வைத்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அடுத்த தொடுதலுக்காகக் காத்திருந்தார். ஒரு 'ம்' கூட வரவில்லை. பல வருஷச் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்து, பாதத்தில் உணர்ச்சியே இல்லாமல் ஆக்கியிருந்தது.

அதற்குப் பிறகு மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "இவருக்குச் செருப்பு தானா கழன்டு விழுந்திருக்கா? அது அவருக்குத் தெரியாம?"

விழுந்திருக்கிறது என்றேன். எப்போது என்றார். ரெண்டு மாசம் ஆச்சு என்றேன். அப்பவே வந்திருக்கலாமே என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

விரலை எடுத்தார்கள். ஒன்பது நாள் மருத்துவமனை. அக்கா வந்து ஒன்பது நாளும் கூடவே இருந்தாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு தடவைகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுவருஷம் பத்திகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்று பேச்சு வந்தது. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு சொல்லையும் சரிபார்க்க உட்கார்ந்தேன். செரண்டிபிட்டியை நான் அகராதியில் ஒரு வரி பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை உண்டாக்கியவரின் கடிதத்தை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன்.

அவர் ஹோரஸ் வால்போல், ஆங்கிலேய எழுத்தாளர். 1754 ஜனவரி 28ஆம் தேதி, ஃபிளாரன்சில் பிரிட்டிஷ் தூதராக இருந்த நண்பர் ஹோரஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லை அவரே கட்டித் தருகிறார். 'செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்' என்ற பழங்கதையிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறார். செரண்டிப் என்பது அரபியரும் பாரசீகரும் இலங்கைக்கு வைத்திருந்த பெயர். சேரன் தீவு என்பதுதான் அப்படி ஆனது என்று நம்மில் சொல்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அதை ஆசையோடு சொல்லித் திரிந்தவன். சிம்ஹலத்வீபம் என்பதிலிருந்து வந்தது என்பதே அறிஞர்கள் பொதுவாக ஏற்பது.

அந்த இளவரசர்கள் தேடிப் போகாத விஷயங்களை வழிநெடுகக் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள் என்கிறார் வால்போல். எதனால் என்பதற்கு அவர் இரண்டு சொற்களைச் சேர்த்துப் போடுகிறார். ஒன்று தற்செயல், மற்றது கூர்மதி. நான் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

அவர் காட்டும் உதாரணமும் ஒரு வீட்டுக்குள் நடந்ததுதான். கிளாரண்டன் பிரபுவின் மகள் ஆன் ஹைடை, பின்னாளில் அரசராகவிருந்த யார்க் கோமகன் 1660இல் ரகசியமாக மணந்துகொண்டார். அந்த வீட்டில் விருந்துண்ட ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, சாப்பாட்டு மேசையில் தாய் தன் மகளிடம் காட்டிய மரியாதையை வைத்தே விஷயத்தை ஊகித்துவிட்டாராம். அதே மேசையில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் கண்ணிலும் அது பட்டுத்தான் இருக்கும்.

வால்போல் கதையைச் சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை. வலது கண் குருடான கோவேறு கழுதை என்று எழுதுகிறார். மூலத்தில் அது ஒட்டகம். அதனால் மூலத்தையும் தேடிப் போனேன். 1557இல் வெனிசில் இத்தாலிய மொழியில் வந்த புத்தகம். அதற்கும் முன்னால் 1302இல் தில்லியில் அமீர் குஸ்ரோ பாரசீகத்தில் பாடிய 'ஹஷ்த் பிஹிஷ்த்' வரைக்கும் அந்தக் கதையின் வேர் போகிறது. நமக்கும் அது தெரிந்த கதைதான். ஆச்சி எங்களுக்குச் சொன்ன நாலு மந்திரி கதையில் வரும் காணாமல்போன ஒட்டகம்தான் அது.

ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருக்கிறது, ஆகவே ஒட்டகத்துக்கு ஒரு கண் தெரியாது. அது வரைக்கும் எனக்கும் தெரியும். வெனிசுக் கதையில் இன்னொன்று இருந்தது. அந்த ஒட்டகத்தின் முதுகில் ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் தேன் என்கிறார்கள் இளவரசர்கள். எப்படித் தெரியும் என்று கேட்கிறான் அரசன். பாதையின் ஒரு ஓரம் முழுக்க ஈ, தேனுக்கு வந்தது. மறு ஓரம் முழுக்க எறும்பு.

எறும்பு.

இரவு பதினொரு மணி இருக்கும். அடுத்த அறையில் அப்பா இருமினார். மேசை மேல் என் பழைய இதழ் விரிந்து கிடந்தது, 'தற்செயலாக எறும்பு பட்டது' என்ற வரியோடு. என் கண் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த எறும்பை அப்பா பார்த்திருக்கிறார். அம்மா தினமும் அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறாள். நான் தீபாவளிக்குப் போயிருந்தபோது அதைத் தாண்டிப் பல் துலக்கியிருக்கிறேன். எங்கள் எல்லோருக்கும் அந்தத் தற்செயல் வாய்த்திருந்தது.

விடியும்வரை காத்திருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். "அன்னைக்கு அப்பாவுக்குச் சர்க்கரைன்னு எப்படிக்கா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள். முதல் நாள் எறும்பைப் பார்த்தபோது, முந்தின நாள் பாயசப் பாத்திரம் கழுவின தண்ணீருக்கு வந்திருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறாள். இருந்தாலும் ரெண்டு நாள் பாத்திரத்தையெல்லாம் முன்வாசல் குழாயில் கொண்டுபோய்க் கழுவியிருக்கிறாள். எறும்பு பழைய இடத்துக்கே வந்தது. மத்தியானம் இல்லை, சாயங்காலம் இல்லை, காலையில் மட்டும். ராத்திரி விழித்திருந்து அப்பா எத்தனை தடவை எழுந்து போகிறார் என்று எண்ணியிருக்கிறாள். நாலு. படுக்கும்போது தலைமாட்டில் வைத்த செம்புத் தண்ணீர் விடியும்போது காலி. கைலிக்கு மேல் அவர் கட்டும் பச்சை பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை, ஆணியால் குத்தியது. "உடம்பு வத்திப்போச்சுல்லா, அதான் எல்லாத்தையும் சேத்துப் பாத்தேன்" என்றாள்.

ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதைத் தாங்காமல் சிறுநீரில் விடும். எறும்பு வருவது அதற்குப் பிறகு. நம் பழைய வைத்தியர்கள் எறும்பை வைத்தே மதுமேகத்தை அடையாளம் கண்டார்கள். அக்கா பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். இது எதையும் படித்து வந்து அவள் பார்க்கவில்லை.

"இதையெல்லாம் ஏங்கா அப்பவே சொல்லல?"

"நீ கேக்கலயே."

அதிர்ஷ்டம் என்று நான் எழுதிவிட்ட பிறகு கேட்பதற்கு என்ன இருந்தது! அதிர்ஷ்டம் இரண்டாம் முறை வராது என்பது ஊரறிந்த கணக்கு. அந்தக் கணக்கைத்தான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளிடம் நான் போட்டேன்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லுக்கு இதே கதி நேர்ந்திருக்கிறது. வால்போல் எழுதிய அந்தக் கடிதங்கள் அச்சேறியது 1833இல். இருபதாம் நூற்றாண்டில்தான் சொல் ஊரெல்லாம் பரவியது. பரவியபோது கூர்மதி பாதி உதிர்ந்துவிட்டது. இப்போது கடைப்பெயர், படப்பெயர், காதலர் சந்திப்பு எல்லாவற்றுக்கும் அது வெறும் இனிய தற்செயல். 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து லண்டன் ஆய்வகத்துக்குத் திரும்பிய, பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கின் கிருமி வளர்ப்புத் தட்டில் பூஞ்சை பிடித்திருந்ததையும் அதிர்ஷ்டம் என்றே எழுதுகிறோம். தட்டில் பூஞ்சை பிடிப்பது எந்த ஆய்வகத்திலும் நடப்பதுதான். கழுவப் போகிற தட்டில், பூஞ்சையைச் சுற்றிக் கிருமிகள் கரைந்திருந்த அந்த இடத்தை அவர் நின்று பார்த்தார். அதற்கு ஆறேழு வருஷம் முன்பே, கிருமியைக் கரைக்கும் லைசோசைமைச் சளியில் கண்டவர் அவர்.

புத்தகத்துக்காக அந்தப் பத்தியைத் திரும்ப எழுதினேன். பாத்திரம், செம்பு, பெல்ட் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, 'அக்கா கண்டுபிடித்தாள்' என்று வைத்தேன். அவளுக்கு அனுப்பினேன். படித்தேன் என்று மட்டும் சொன்னாள். அப்பாவின் விரலைப் பற்றி அதில் எழுத எனக்கு அன்று தைரியம் வரவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். நான் காலையில் பேப்பர் படிப்பதை இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "தம்பி, முகத்தைத் திருப்பி ஒரு பக்கமா வச்சுப் படிக்க நீ. கண்ணைக் காட்டிரு" என்றாள். அன்று சாயங்காலமே போனேன். இடது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது.