வாணிகமும் நல்லெண்ணமும்: ஹௌகுவாவின் வாழ்வு எழுப்பும் ஒரு வினா

வாணிகம் வேற்று இனத்தாரை நெருங்கச் செய்கின்றதா, அன்றிப் பொருளாசையினாற் பிரித்து வைக்கின்றதா? 1748இல் பிரெஞ்சு அறிஞர் மொன்ரெஸ்கியு, வாணிகம் மக்களின் முரட்டு இயல்புகளை மென்மையாக்கும் என்று எழுதினார். பொருளியல் வரலாற்றினைப் பாடமாகப் பயிலத் தொடங்கிய நாள் முதலாக இக்கருத்து என் உள்ளத்தை விட்டகலவில்லை. பல இனத்தார் அருகருகே கடை வைத்துக் கொண்டும் கொடுத்தும் வாழும் நாடொன்றிற் பிறந்தவனுக்கு இது வெறும் ஏட்டு வினாவாகாது. இதற்கு விடை தேடிய பொழுதே கன்ரன் துறைமுகத்துச் சீன வணிகர் ஒருவரின் வரலாறு என்னை ஈர்த்தது.

1757 முதலாக மேனாட்டாரின் கடல் வாணிகம் தென்சீனத்துக் கன்ரன் நகரில் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தது. அங்கும் அந்நியர் நகர மதிலுக்குள் நுழைதல் ஆகாது. அரசின் அனுமதி பெற்ற சில வணிகரோடு மட்டுமே அவர்கள் கொடுக்கல் வாங்கல் செய்யலாம். 1784இல் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட 'சீனப் பேரரசி' என்னுங் கப்பல் ஜின்செங் வேரைக் கொண்டு சென்று, மறு ஆண்டு தேயிலையுடன் மீண்டது. ஐக்கிய அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையிலான நேரடி வாணிகம் இவ்வாறு தொடங்கியது. கன்ரன் வணிகருள் தலைமை பெற்று விளங்கியவர் வூ பிங்ஜியான். 1769இற் பிறந்த இவரை மேனாட்டார் ஹௌகுவா என அழைத்தனர். 1834இல் இவருடைய செல்வம் 2 கோடி 60 இலட்சம் டொலர் என மதிப்பிடப்பட்டது.

அமெரிக்க வணிகர் ஒருவர் இவரிடம் 72,000 டொலர் கடன்பட்டு, அதனைத் தீர்க்க இயலாமையாற் தாயகம் திரும்பமாட்டாது தவித்தார். ஹௌகுவா அவரை அழைத்துக் கடன்பத்திரத்தைக் கிழித்தெறிந்து, விடைகொடுத்து அனுப்பினார் என்பர். கன்ரனில் நெடுங்காலம் வாழ்ந்த வில்லியம் ஹன்ரர் தமது நினைவுநூலில் இதனைப் பதிந்துள்ளார்.

இதனினும் ஆழமானது ஜோன் மரே போர்ப்ஸ் என்பவருடன் அவர் கொண்ட உறவு. பொஸ்ரன் வணிகக் குடும்பத்தினரான போர்ப்ஸ், 1830இல் தமது பதினேழாம் வயதிற் கன்ரனை அடைந்தார். ஹௌகுவாவின் நம்பிக்கைக்குரியவராயிருந்த அவருடைய தமையனார் முந்திய ஆண்டிற் புயலில் மாண்டிருந்தார். தமையனிடம் வைத்த நம்பிக்கையைத் தம்பியிடமும் வைத்தார் முதியவர். பேசுவதற்கு இருவருக்கும் கிடைத்த பொதுமொழி துறைமுகத்துக் கலப்பு ஆங்கிலமே. எனினும், போர்ப்ஸ் தாயகம் மீண்ட பின்னர், ஏறத்தாழ 5 இலட்சம் டொலரை அமெரிக்காவில் முதலீடு செய்யுமாறு ஹௌகுவா அவரிடம் ஒப்படைத்தார். 1843இல் ஹௌகுவா காலமானார். 1846இல் மிச்சிகன் மத்திய புகையிரதப் பாதையை வாங்கிய முதலீட்டாளருக்குத் தலைமை தாங்கிய போர்ப்ஸ், முதியவரின் மரணத்தின் பின்னரும் அக்குடும்பத்தின் முதலைப் பேணி வந்தார். தாம் ஒருபோதும் காணாத நாட்டின் வளர்ச்சியில் ஒரு சீனர் இவ்வாறு பங்காளியானார்.

இதனை நட்பு என்பதா, தன்னலம் என்பதா? சீன அதிகாரிகள் வணிகரிடம் ஓயாது பணம் கறந்து வந்தனர். எனவே செல்வத்தின் ஒரு பகுதியைக் கடல் கடந்து வைத்தல் விவேகமே. தன்னலம் கலந்தமையால் நட்புப் பொய்யாகிவிடாது என்றே நான் கருதுகின்றேன். வழக்காடுதற்குப் பொதுவான நீதிமன்றம் இல்லாத இரு நாட்டார், சொல்லை மட்டும் நம்பிப் பெருஞ்செல்வத்தைக் கைமாற்றினர் என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் இந்நட்பு நின்ற நிலத்தையும் நாம் நோக்க வேண்டும். போர்ப்ஸ் பங்காளியாயிருந்த ரஸல் கம்பனி சீனாவுக்கு அபின் கொண்டு சென்ற அமெரிக்க நிறுவனங்களுள் முதன்மையானது. 1839இல் அபினை ஒழிக்க வந்த ஆணையாளர் லின் ஸெஷு, அந்நியரைப் பணியச் செய்யும் பொருட்டு, முதியவரான ஹௌகுவாவின் கழுத்திலேயே சங்கிலி பூட்டினார். 1841இற் கன்ரனைத் தாக்கிய பிரித்தானியப் படைகளுக்குச் செலுத்தப்பட்ட 60 இலட்சம் டொலரில் 11 இலட்சம் அவருடைய பங்காயிற்று. அவருடைய நண்பர்கள் அவரைப் போற்றினர். 1844இல் நியூயோர்க்கில் ஒரு கப்பலுக்கு அவர் பெயரையே சூட்டினர். ஆனால் அபினால் அழிந்த குடும்பங்களை அந்நட்புக் கண்டுகொள்ளவில்லை. 1882இல் சீனத் தொழிலாளர் உட்புகுவதை அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தினாற் தடுத்தது. ஒரு சீனரின் பணம் வரவேற்கப்பட்ட நாட்டிற் சீனரின் உழைப்பாளருக்குக் கதவு அடைக்கப்பட்டது. 1943 வரை அக்கதவு திறக்கப்படவில்லை.

மொன்ரெஸ்கியுவின் கூற்று முழுப் பொய்யென நான் கூறேன். வாணிகம் இரு மனிதரிடையே நம்பிக்கையை வளர்க்கும்; அதற்கு ஹௌகுவாவே சான்று. அந்நம்பிக்கை தானாகவே இரு மக்களிடையேயான நீதியாக வளர்ந்துவிடாது. அதற்குச் சட்டமும், சமூகத்தின் மனச்சாட்சியும் வேண்டும். இன நல்லுறவுக்கு வாணிகமே போதும் எனச் சொல்வோரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: கைகுலுக்கும் இருவருக்கும் அப்பால் நிற்பவர் யார், அவருக்குக் கிடைப்பது யாது?