கண்ணை நிறுத்தும் கோடுகள்

மசாஷி தனகாவின் ‘கோன்’ என்ற மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், ஒரு பேச்சுக் குமிழ்கூடக் கிடையாது. கோடன்ஷா பதிப்பகத்தின் ‘மார்னிங்’ இதழில் 1991இல் தொடங்கிய தொடர் அது. தன் இனமெல்லாம் அழிந்த பிறகும் எப்படியோ மிஞ்சிவிட்ட கோன் என்ற குட்டி டைனோசர் அதில் கரடி, சிங்கம், கழுகு என்று கண்ட விலங்கின் வாழ்க்கைக்குள்ளெல்லாம் அடாவடியாகப் புகுந்துவிடும். வசனம் இல்லை, கதைக் குறிப்பு இல்லை. படத்தோடு படமாகக் கைப்பட எழுதும் ஒலி எழுத்துகளும் இல்லை. என்னைப் போலப் படம் போடுகிறவர்களை அசர வைப்பது இந்தக் கடைசி விஷயம்தான். மாங்காவில் ஓட்டத்துக்கும் இடிக்கும் மட்டுமா, நிசப்தத்துக்கே ஓர் ஒலி எழுத்து உண்டு. அதையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டால் சத்தம், அமைதி எல்லாவற்றையும் கோடுதான் தாங்க வேண்டும்.

சொல் இல்லாத பக்கத்தில் பெரிய சிக்கல் வேகம். வசனம் இருந்தால் வாசகர் அதைப் படித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கட்டத்தில் நிற்பார். வசனம் போனதும் கண் சறுக்கிக்கொண்டு ஓடிவிடும். மணிக்கணக்கில் மை போட்ட பக்கம் மூன்று நொடியில் புரண்டுவிடும். தனகா ஒவ்வொரு இறகையும், மரப்பட்டையின் ஒவ்வொரு வெடிப்பையும் நுண்கோடுகளால் இழைத்திருப்பது அழகுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கோடு அடர்ந்த இடத்தில் கண் தங்கும். கோடு குறைந்த இடத்தில் நழுவி அடுத்த கட்டத்துக்குப் போகும். நேரத்தை அவர் இப்படித்தான் அளக்கிறார் என்பது என் கணிப்பு. நானும் என் பக்கங்களில் பாய்ச்சல் வரும் கட்டத்தின் பின்னணியை வெறுமையாக விட்டுவிடுவேன்; பாய்வதற்கு முந்தைய கட்டத்தில்தான் நிப் தேயத் தேய உழைப்பேன்.

ஏனென்றால் விலங்கின் கதை பெரும்பாலும் அந்த முந்தைய கணத்தில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஆள் பிஸ்கெட் நீட்டும்போது தெருநாயைப் பாருங்கள். கழுத்து முன்னால் நீண்டுகொண்டே போகும். பின்னங்கால்கள் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாது. உடம்பு நீள்கிறது, இடுப்பு தாழ்கிறது, வால் உள்ளே போகிறது. மூக்கு பிஸ்கெட்டில் இருக்கும், காதுகளோ பின்னால் மடிந்திருக்கும். ஆசையும் பயமும் ஒரே உடம்பில், ஒரே நேரத்தில். எந்த வசனமும் இதை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லாது. இதை வரைந்துவிட்டால் நாய் பிஸ்கெட்டைக் கவ்வும் கட்டமே தேவையில்லை; அடுத்த கட்டத்தில் அது தூரத்தில் மென்றுகொண்டிருந்தால் போதும், நடுவில் நடந்ததை வாசகர் தாமே பார்த்துக்கொள்வார். பின்னங்கால் எடையைத் தாங்கும் விதம் பிசகினால் மட்டும் எல்லாம் போச்சு. நாய் தரையில் நிற்காமல் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சொல் இல்லாத விலங்குக் கதை ஜப்பானுக்குப் புதிதல்ல. கியோட்டோவின் கோசான்ஜி கோயிலுக்குச் சொந்தமான ‘சோஜு ஜின்புட்சு கிகா’ ஓவியச் சுருள்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. முதல் சுருளின் உயரம் சுமார் 30 செ.மீ.தான், நீளமோ 11 மீட்டருக்கும் மேல். வெறும் மையில் முயலும் தவளையும் மல்லுக்கட்டுகின்றன. தவளை முயலின் காதைக் கடிக்கிறது, பிறகு அதை மல்லாக்கத் தூக்கி எறிகிறது. எறிந்த தவளையின் வாயிலிருந்து சில மெல்லிய கோடுகள் கிளம்புகின்றன. மூச்சோ, கூச்சலோ, அது எழுத்தாக மாறவே இல்லை. அங்கே கட்டங்களும் இல்லை. வலப்பக்கம் சுருட்டிக்கொண்டே இடப்பக்கம் விரிக்கிற கைதான் நேரத்தை வைத்திருக்கிறது.

அந்த முயல்கள் மனிதரைப் போல இரண்டு காலில் நிற்பவை. நையாண்டிக்கு அது பொருத்தம். தனகா வேறு வழியில் போகிறார்: அவருடைய சிங்கத்துக்குச் சிங்கத்தின் தோள், கரடிக்குக் கரடியின் நடை. சில இடங்களில் மட்டும் திகைப்பைக் காட்டக் கண்களை மனிதக் கண்களாக விரித்துவிடுகிறார். சிரிப்பு உடனே வருகிறது, உண்மைதான். ஆனாலும் முகத்தைத் தொடாமல், தன்னைவிடப் பல மடங்கு பெரிய விலங்கின் முன் கோன் கால் ஊன்றி நிற்பதை மட்டும் காட்டும் கட்டங்களையே நான் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகுகிறேன். என் மேசையில் இப்போதிருக்கும் நாய்க்குப் புருவம் போடப் போவதில்லை.