வெட்டு பொருந்தினால் போதாது

மைசூரில் ஹெப்பாள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இன்ஃபோசிஸ் வளாகம்தான். தொழிற்பேட்டைத் தெருக்களுக்குள் போனால் லேத் பட்டறைகளும் சின்னச் சின்ன வார்ப்புக் கூடங்களும் வரும். பில் போடவும் வரைபடம் பார்க்கவும் அங்கே பழைய டெஸ்க்டாப்புகளைத்தான் வைத்திருக்கிறார்கள். அவற்றை ஓட வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சர்வீஸ் கடையில் ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் வீட்டு கம்ப்யூட்டரையும், இணையத்தில் வாங்கிய 8 ஜிபி ரேம் ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன்.

கடைக்காரருக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம். ரேமை வாங்கிப் பார்த்தவர், "பெட்டியைத் திறந்து பார்த்துட்டு வாங்கினீங்களா சார்?" என்றார்.

இல்லை. பிராசஸர் இன்டெல் ஆறாம் தலைமுறை, அதனால் டிடிஆர்4 ஆகத்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்திருந்தேன்.

"பிராசஸரைக் கேக்காதீங்க. போர்டைக் கேளுங்க."

பிளக்கைப் பிடுங்கினார். மிச்ச மின்சாரம் இறங்கட்டும் என்று பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினார். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்தது எச்110 போர்டு. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை பிராசஸர்கள் குறைந்த வோல்டேஜில் ஓடும் டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டையும் ஏற்கும். எதற்கு ஸ்லாட் வைப்பது என்பது போர்டு செய்தவர்களின் முடிவு. என் போர்டில் இருந்தது டிடிஆர்3 ஸ்லாட்.

பழைய ரேமையும் புதியதையும் மேசை விளக்கின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நீளம் ஒன்றேதான், பதின்மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கீழ் விளிம்பில் இருக்கும் வெட்டு மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. டிடிஆர்3-இல் தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் 240, டிடிஆர்4-இல் 288. டிடிஆர்4-இன் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. பொருத்தும்போது எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் அழுந்தாமல் இருக்க அப்படி ஒரு வளைவு. "வெட்டு சேரலைன்னா அழுத்தவே கூடாது சார். ஸ்லாட் விரிசல் விட்டுட்டா போர்டே போச்சு."

என் தவறை அந்த வெட்டே காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்து வந்த இளைஞரின் சங்கதி அப்படியில்லை. பக்கத்து டூல்ரூமில் கணக்கு எழுதுகிறவர். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று 8 ஜிபி டிடிஆர்3 ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, இரண்டு பக்க லாக்கும் விழுந்தது. ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை. நீண்ட பீப் ஒலி திரும்பத் திரும்பக் கேட்டது.

கடைக்காரர் அதைக் கழற்றி விரல் நுனியால் சிப்புகளை எண்ணினார். சாதாரண டெஸ்க்டாப் ரேமில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு எட்டு சிப் இருக்கும். இதில் ஒன்பது இருந்தது. நடுவில் வேறு அளவில் இன்னொரு சிப்பும் இருந்தது. லேபிளில் பிசி3எல்-12800ஆர் என்று அச்சிட்டிருந்தது. 12800-ஐ எட்டால் வகுத்தால் 1600, அது வேகம். கடைசி எழுத்தான 'ஆர்' ரெஜிஸ்டர் உள்ள சர்வர் ரேமைக் குறிக்கிறது. போர்டு அனுப்பும் கட்டளையை அந்த நடுச் சிப் வாங்கி மற்றச் சிப்புகளுக்குக் கடத்தும். சாதாரண டெஸ்க்டாப் போர்டுக்கு அந்த முறை தெரியாது. அதற்கு 'யு' என்று முடியும் ரேம்தான் வேண்டும். டிடிஆர்3-இல் இரண்டுக்கும் முனைகளின் எண்ணிக்கையும் வெட்டும் ஒன்றே. தவறு கையில் தெரியாது, லேபிளைப் படித்தால்தான் தெரியும்.

சிப் எண்ணும் பழக்கம் ஜி41 போர்டு காலத்திலிருந்து வந்தது என்றார். அதில் 4 ஜிபி ரேம் வேண்டுமென்றால் பதினாறு சிப் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். எட்டுச் சிப்பில் அதே 4 ஜிபி இருந்தால் அந்தப் போர்டு சரியாக எடுத்துக்கொள்ளாது. கொள்ளளவும் வகையும் வேகமும் ஒன்றாக இருந்தும் ஒன்று ஓடும், இன்னொன்று ஓடாது. இதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

இப்போது இப்படிப்பட்டவர்களிடம் கூட்டம் கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதே ஆண்டின் கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை ஏறியது. வீட்டு உபயோகக்காரர்கள் நம்பி வாங்கிய க்ரூஷியல் பிராண்டு வணிகத்திலிருந்து விலகுவதாக ரேம் தயாரிப்பாளரான மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. புதுசு வாங்க முடியாதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள். பழையதில்தான் ஏமாற்றம் அதிகம்.

இளைஞரின் ரேமை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, "கொடுத்த இடத்துலயே மாத்திக்கோ தம்பி. கடைசி எழுத்து 'யு' இருக்கணும்னு சொல்லு" என்று அனுப்பினார். அரைமணி நேர வேலை. காசு வாங்கவில்லை. மருத்துவர் மருந்தே எழுதாமல் அனுப்பினாலும் பார்த்ததற்குப் பணம் கொடுக்கிறோம். இங்கே பார்த்துச் சொன்னதற்கு யாரும் கொடுப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது. என்னிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

என் கம்ப்யூட்டருக்கு அலமாரியிலிருந்து 1.35 வோல்ட் டிடிஆர்3எல், 8 ஜிபி ஒன்றை எடுத்தார். பழைய 4 ஜிபியின் முனைகளைப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் தேய்த்தார். கறுப்பு இழைகள் உதிர்ந்தன, தங்கம் பளிச்சென்றது. தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு இரண்டையும் பொருத்தினார். அளவு வேறாக இருக்கிறதே என்றேன். "முதல் எட்டு ஜோடியா ஓடும் சார், மிச்சம் நாலு தனியா ஓடும். பில் வேலைக்கு இது தாராளம்." பயாஸில் 12288 எம்பி என்று காட்டியது. அதோடு விடாமல் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு, ஒரு சுற்று முடியும்வரை வைத்திருந்தார்.

தகட்டை மூடுமுன் மார்க்கர் பேனாவை எடுத்து அதன் உட்புறத்தில் ரேமின் வகை, வோல்டேஜ், அன்றைய தேதி மூன்றையும் எழுதினார். யாருக்காக என்று கேட்டேன்.

"அடுத்து திறக்கிறவனுக்கு சார்."